அனிஷ் கபூரின் கலை: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஓவியம் பயிலும் மாணவர்களுக்கும் அவர்களை அழைத்து வரும் பெற்றோருக்கும் சிற்பி அனிஷ் கபூரின் படைப்புகளைத் திரையில் காட்டிச் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். திருமங்கலத்தில் பேசினாலும் மேலூரில் பேசினாலும் எழும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும், நான் சொன்ன விடைகளையும், பிறகு யோசித்துத் திருத்திக்கொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆழத்தைப் பொருளாகக் கொண்ட ஒரு கலையைத் தட்டையான திரையில் காட்டுகிறோம். கேள்விகளில் பாதி அந்தக் கோளாற்றிலிருந்து பிறப்பவை.

அனிஷ் கபூர் யார்?

1954ஆம் ஆண்டு மும்பையில் பிறந்தவர். தந்தை பஞ்சாபி, இந்தியக் கடற்படையில் கடலின் ஆழத்தை அளந்து வரைபடமாக்கும் பிரிவில் பணியாற்றியவர். தாய் பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். டேராடூனில் பள்ளிப்படிப்பை முடித்த கபூர், 1971இல் இஸ்ரேலுக்குச் சென்று, அங்கே மின் பொறியியல் படிக்கத் தொடங்கிச் சில மாதங்களிலேயே அதை விட்டுவிட்டு, 1973இல் லண்டனுக்குப் போய்க் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். பொறியியலைப் பாதியில் விட்டவர் என்று சொல்லும்போது அரங்கில் பெற்றோர் சிலரின் முகம் மாறுவதை ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன். 1990இல் வெனிஸ் நகரின் ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்றார். 1991இல் டர்னர் பரிசும், 2012இல் இந்திய அரசின் பத்ம பூஷண் விருதும் பெற்றார்.

வண்ணப்பொடியைக் குவித்து வைத்தால் அது சிற்பமாகிவிடுமா? கோலப்பொடிக் கடையிலும் அப்படித்தானே குவித்திருக்கிறார்கள்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. கபூர் 1979இல் இந்தியாவுக்கு வந்து திரும்பிய பிறகு, 'ஆயிரம் நாமங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு வரிசையைச் செய்தார். கூம்பாகவும், படிக்கட்டாகவும், மலை முகடாகவும், மொட்டாகவும் உருவங்கள் தரையில் நிற்கும். அவற்றின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய வண்ணப்பொடிகள் அடர்த்தியாகத் தூவப்பட்டு, அடியிலும் சுற்றிலும் பொடி சிந்திக் கிடக்கும்.

கோலப்பொடிக் கடைக்காரர் குவித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்ற ஐயம் நமக்கு எழுவதில்லை. மேலே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது. ஒரு கரண்டி அள்ளினால் குவியல் குறையும், அவ்வளவுதான். கபூரின் உருவத்தில் உள்ளே திடமான ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் அது எது, எங்கே தொடங்குகிறது, பொடியின் கனம் எவ்வளவு என்பதைத் தொட்டாலன்றி அறிய முடியாது. தொட்டால் விரல்பட்ட இடம் கெட்டுவிடும். மேலும், சிந்திக் கிடக்கும் பொடி உருவத்துக்கும் தரைக்கும் இடையிலான எல்லையை அழித்துவிடுவதால், அதைக் கொண்டுவந்து வைத்தது போலவே தோன்றுவதில்லை. வைகை வறண்டு கிடக்கும்போது மணலுக்கு மேல் தலை மட்டும் காட்டும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று மனம் தானாகவே கணக்குப் போடும். இந்த உருவங்களும் அதே கணக்கைப் போட வைக்கின்றன.

எனவே பொடி இங்கே வெறும் நிறமாக நிற்கவில்லை. உள்ளே இருப்பதைப் பற்றி எந்தச் செய்தியும் வெளியே விடாத ஒரு தோலாக அது வேலை செய்கிறது. இதைச் சந்தனக் காப்போடு ஒப்பிட்டு ஒரு மாணவி சொன்னாள்: காப்புச் சாத்திய பிறகு மூலவரின் கல் உருவம் மறைந்து, சந்தனத்தில் வேறொரு முகம் எழுதப்படுகிறது, நாம் கும்பிடுவது இரண்டில் எதை? எனக்கு அன்று விடை தெரியவில்லை, கேள்வி மட்டும் சரியான இடத்தில் விழுந்தது என்று தெரிந்தது.

தலைப்பில் ஆயிரம் என்றிருக்கிறதே, எண்ணிக்கை சரியா என்று கேட்பவர்களுக்கு: நம் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள்.

கல்லில் குழி தோண்டி உள்ளே கறுப்பு அடித்திருக்கிறார். அதில் என்ன வியப்பு?

படத்தில் வியப்பு எதுவும் இல்லைதான். நேரில் நிற்பவர் காண்பது வேறு.

1990இல் வெனிஸில் அவர் வைத்த ஒரு படைப்பில், முரட்டுத்தனமாக வெட்டப்பட்ட மணற்பாறைத் துண்டுகள் அறை முழுவதும் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் கறுப்பு வட்டம் ஒன்று. தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ கறுப்பு வெல்வெட்டை வட்டமாக வெட்டி ஒட்டியது போலத் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது குழி என்று தெரியும், ஆனால் எவ்வளவு ஆழமான குழி என்று தெரியாது. அத்தனை பெரிய கல்லைக் குடைந்து, அதன் எடையை நம் கண்ணிலிருந்து எடுத்துவிடுகிறார்.

இது எப்படி நடக்கிறது? ஒரு பள்ளத்தின் ஆழத்தைக் கண் சில தடயங்களைக் கொண்டுதான் அளக்கிறது. உட்சுவரில் விழும் நிழல் படிப்படியாகக் கருமையாவது, ஈரமோ மெருகோ இருந்தால் தோன்றும் பளபளப்பு, கல்லின் சொரசொரப்பு உள்ளே போகப்போகச் சிறுத்துத் தெரிவது, இரண்டு கண்களும் காணும் காட்சிக்கு இடையே உள்ள சிறு வேறுபாடு ஆகியவை அந்தத் தடயங்கள். நுண்ணிய கரும்பொடி பூசிய பரப்பில் விழும் ஒளி, துகள்களுக்கு இடையே மீண்டும் மீண்டும் மோதி அங்கேயே அடங்கிவிடுகிறது. நிழலும் இல்லை, பளபளப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. இரண்டு கண்களும் பற்றிக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை. விளிம்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நிலையில் மனம் அதைத் தட்டையான வட்டம் என்று முடிவு செய்கிறது. அல்லது அடியற்ற கிணறு என்று முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதுதான் அந்தப் படைப்பின் அனுபவம்.

இந்த ஊசலாட்டம் வெறும் பேச்சு அன்று. 1992இல் ஜெர்மனியின் காஸல் நகரில் அவர் ஒரு சிறு கட்டடம் எழுப்பி, அதன் தரையின் நடுவே இப்படியொரு குழியை அமைத்தார். அந்தப் படைப்பு 2018இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் மீண்டும் வைக்கப்பட்டபோது, பார்க்க வந்த ஒருவர் சுமார் 2.5 மீட்டர் ஆழமுள்ள அந்தக் குழிக்குள் விழுந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இதை நான் சொல்லும்போது மாணவர்கள் சிரிக்கிறார்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டிய குழிகளை அறிந்த பெரியவர்கள் சிரிப்பதில்லை.

இது சிதம்பர ரகசியம் போன்றதா?

வெறுமையைப் பற்றிக் கபூர் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார் என்பது உண்மை. என்றாலும் அவருடைய ஒவ்வொரு குழியையும் உடனே சிதம்பரத்தோடு முடிச்சுப் போடுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். அப்படிச் செய்தால் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நமக்கு முன்பே தெரிந்த ஒன்றை நினைத்து மகிழத் தொடங்கிவிடுவோம்.

அதைவிட வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துப் பார்ப்பது பயன்தரும். திருமலை நாயக்கர் தம் மகாலைக் கட்டச் செங்கல்லுக்காக மண் எடுத்த இடமே பிறகு தெப்பக்குளமாயிற்று என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தாம் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அங்கே எழுந்த மகாலும் இங்கே விழுந்த பள்ளமும் ஒரே மண்ணின் இரண்டு பக்கங்கள் என்று அந்தக் கதையைப் படிக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. தெப்பக்குளம் தண்ணீரின்றிக் கிடந்த ஆண்டுகளில் பிள்ளைகள் அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். அப்போது அதன் ஆழம் எல்லாருடைய காலுக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் நிரப்பியதும் மைய மண்டபமும் தென்னைகளும் தலைகீழாகத் தெரியும் ஒரு பரப்பு வந்து சேர்ந்தது; காலுக்குத் தெரிந்த ஆழம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. குளம் அதேதான், ஆழமும் அதேதான். மேற்பரப்பு ஒன்று வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. கபூரின் முழுப் பணியையும் ஒரே எடுத்துக்காட்டில் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். ஆழம் என்பது மேற்பரப்புக்குப் பின்னால் காத்திருக்கும் பொருளன்று. மேற்பரப்பு நம் கண்ணுக்குச் செய்யும் வேலையே ஆழம்.

வெள்ளைச் சுவரை மட்டும் காட்டுகிறீர்கள். படம் தவறிவிட்டதா?

தவறவில்லை. 'நான் கருவுற்றிருக்கையில்' என்று பொருள்படும் தலைப்பில் 1992இல் செய்த படைப்பு அது. சுவரிலிருந்தே ஒரு வீக்கம் புடைத்து நிற்கிறது. சுவரின் வெள்ளையே அதற்கும் பூசப்பட்டிருப்பதால் நேர் எதிரே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்தால் வயிறு தெரியும். அதனால்தான் அதற்கு எப்போதும் இரண்டு படங்களைக் காட்டுகிறேன்.

சிகாகோவில் இருக்கும் பெரிய எவர்சில்வர் உருண்டை எப்படிச் செய்யப்பட்டது?

அதன் பெயர் 'கிளவுட் கேட்', அதாவது மேக வாயில். அவ்வூர் மக்கள் அதை அவரைக்கொட்டை என்ற பொருளில் 'பீன்' என்கிறார்கள். வடிவத்தைப் பார்த்தால் நாம் மொச்சைக்கொட்டை என்போம். 20 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், ஏறத்தாழ 100 டன் எடை. 168 எவர்சில்வர்த் தகடுகளை வளைத்து, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, பற்றவைத்த தடங்கள் முற்றிலும் மறையும்வரை இழைத்து மெருகேற்றினார்கள். 2004இல் பூங்கா திறக்கப்பட்டபோது தையல் தெரியும் நிலையில் அதை மக்களுக்குக் காட்டினார்கள். வேலை முழுமையாக முடிந்தது 2006இல்தான். சிகாகோவின் வெயிலுக்கும் கடும் பனிக்கும் தகடு விரிந்து சுருங்க இடம் விட்டே அமைத்திருக்கிறார்கள். மக்கள் தொட்டுத்தொட்டு விரல் தடம் பதிப்பதால் அதன் கீழ்ப்பகுதியை நாள்தோறும் துடைக்கவும் வேண்டியிருக்கிறது.

தையல் மறைய வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம் எதற்கு? ஒரே ஒரு கோடு தெரிந்தாலும் கண் அதைப் பிடித்துக்கொண்டு, 'இதோ தகடு' என்று சொல்லிவிடும். கோடு எதுவும் இல்லாதபோது கண் தகட்டைப் பார்க்க முடியாமல், அதில் தெரியும் வானத்தையும் கட்டடங்களையும் கூட்டத்தையும் மட்டுமே பார்க்கிறது. நூறு டன் எவர்சில்வர் தன் மேற்பரப்பை ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தான் காணாமற்போகிறது.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வதுண்டு. வெளிப்புறம் புடைத்திருப்பதால் அது பாடப்புத்தகத்துக் குவி ஆடி. உருவங்களைச் சிறிதாக்கி, அகன்ற ஊரையே ஒரு பார்வைக்குள் அடக்கும். அடியில் வளைவுக்குள் நுழைந்தால் மேலே உட்குழிந்து செல்லும் பகுதி இருக்கிறது. 'தொப்புள்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லால் அதை அழைக்கிறார்கள். அங்கே குழி ஆடியின் குணம் வேலை செய்ய, பிம்பங்கள் பெருகி, நீண்டு, தலைகீழாகிக் கலங்கும். வீட்டில் குழம்புக் கரண்டியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தால் இரண்டையும் காணலாம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சாம்பார் வாளியில் முகம் கோணலாகத் தெரிவதைப் பார்த்துச் சிரித்திராதவர் மதுரையில் உண்டா?

மெழுகைப் பீரங்கியில் வைத்துச் சுவரில் அடிப்பது என்ன கலை?

2009இல் வியன்னாவிலும் பிறகு லண்டனிலும் காட்டப்பட்ட அந்தப் படைப்பு, 2010இல் மும்பையின் மெஹபூப் ஸ்டுடியோவுக்கும் வந்தது. காற்றழுத்தத்தால் இயங்கும் பீரங்கியில் சுமார் 10 கிலோ எடையுள்ள சிவந்த மெழுகு உருளையை ஒருவர் இடுவார். பேரொலியுடன் அது எதிரேயுள்ள வெள்ளை அறையின் மூலையில் போய் மோதும். ஒட்டுவது ஒட்டும், ஒட்டாதது சரிந்து கீழே குவியும். கண்காட்சி நடக்கும் வாரக்கணக்கான காலத்தில் மூலையில் சிவப்புக் குவியல் வளர்ந்துகொண்டே போகும்.

குருதியும் போரும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தப் பொருளும் அதில் இருக்கிறது. நான் இதை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது கம்பத்தடி மண்டபம். சுந்தரேசுவரர் சன்னிதிக்கு எதிரே ஊர்த்துவ தாண்டவரும் பத்திரகாளியும் எதிரெதிரே நிற்கிறார்கள். நடனப் போட்டியில் தோற்ற காளியின் சினம் தணியவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பக்தர்கள் அந்தச் சிலைகளின் மேல் வெண்ணெய் உருண்டைகளை எறிவது நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். சிலைகள் உயரமானவை, ஆகவே எட்டநின்று எறியத்தான் வேண்டும். சில உருண்டைகள் மார்பில் ஒட்டும், சில தோளில் பட்டுத் தெறிக்கும், பல தவறி விழும். கருங்கல்லின் மேல் வெள்ளைத் திட்டுகள் பெருகி, மதிய வெப்பத்தில் இளகி வழிந்து, சிலையின் உருவத்தையே நாள்தோறும் மாற்றும். சிற்பி செதுக்கி முடித்த சிலையை ஊரார் கூடி, தங்களில் யார் எதைச் செய்தார்கள் என்று தெரியாமலே, தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

மெழுகும் வெண்ணெயும் ஒரு குணத்தில் உறவினர்கள்: திடமாகவும் இல்லாமல் நீராகவும் இல்லாமல் நடுவே நிற்பவை. கபூர் மெழுகோடு வாசலினைச் சேர்த்துக் கலப்பதும் அது இறுகிவிடாமல் இருப்பதற்காகத்தான். 2003இல் செய்த ஒரு படைப்பில் 25 டன் சிவந்த மெழுகுக் கலவையின் மேல் இரும்புக் கரம் ஒன்று மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது வழித்த இடம் மழமழப்பாகும், ஒதுக்கிய இடம் மேடாகும். பார்க்க வந்தவர்கள் சிலர் கரம் நகரவே இல்லை என்று நினைத்துப் போய்விடுவார்களாம். கடிகார முள்ளைப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

'ஸ்வயம்பு' என்ற படைப்புக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

2007இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும், 2009இல் லண்டனிலும் வைக்கப்பட்டது அது. பல டன் எடையுள்ள சிவந்த மெழுகுப் பாளம் தண்டவாளத்தின் மேல் அறை அறையாக ஊர்ந்து செல்லும். கதவு நிலைகளைவிடப் பாளம் சற்றே பெரியதாக இருக்கும். எனவே ஒவ்வொரு நிலையைக் கடக்கும்போதும் அதன் ஓரம் வழிக்கப்பட்டு, நிலையின் வடிவமே பாளத்தின் வடிவமாகிவிடும். உளி எடுத்தவர் யாரும் இல்லை. கட்டடமே அதைச் செதுக்கியது போலத் தோன்றும்.

நம் ஊரில் சொக்கநாதரைச் சுயம்புலிங்கம் என்கிறோம். மனிதக் கை படாமல் தானே தோன்றியது என்பது அதன் பொருள். அந்த அளவுகோலால் பார்த்தால் கபூரின் தலைப்பு பொருந்தாது. மெழுகை உருக்கி, வார்த்து, தண்டவாளத்தில் ஏற்றியவை மனிதக் கைகளே. கலைஞனின் கைத்தடம் தெரியாதபடி செய்ய வேண்டும் என்ற அவருடைய ஆசையின் பெயராக அதை எடுத்துக்கொண்டால் பொருந்தும். நான் இரண்டாவது வகையில் படிக்கிறேன்.

கோயில் வழிபாட்டை இவற்றோடு ஒப்பிடுவது முறையா?

ஒரு பெரியவர் இதைச் சற்றுச் சினத்துடனேயே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெண்ணெய் எறிந்தவர் காளியின் வெம்மை தணியவேண்டும் என்று எறிந்தார். தம் செயல் அழகாக இருக்கிறதா என்று பின்வாங்கி நின்று பார்க்கவில்லை. கண்காட்சிக்கு வருபவர் பார்ப்பதற்காகவே வருகிறார். நோக்கத்தில் உள்ள இந்த வேறுபாட்டை நான் மறைக்க விரும்பவில்லை. பொருளும் கண்ணும் செய்யும் வேலையை மட்டுமே ஒப்பிடுகிறேன். மேலே சாத்தப்படும் பொருள் உள்ளே இருப்பதை மறைத்தும் வெளிப்படுத்தியும் மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதை மதுரைக்காரருக்கு லண்டனிலிருந்து வந்து எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் நம் கண்ணில் ஏற்கெனவே இருக்கிறது.

இவ்வளவு பெரியவற்றை அவரே கையால் செய்கிறாரா?

இல்லை. பொறியாளர்களும் வெல்டர்களும் வார்ப்புக்காரர்களும் சேர்ந்து செய்கிறார்கள். 2002இல் லண்டனின் டேட் மாடர்ன் காட்சியகக் கூடத்தில் மூன்று இரும்பு வளையங்களுக்கு இடையே சிவந்த பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டி, ஏறத்தாழ 150 மீட்டர் நீளத்துக்கு நிறைத்தபோது, அதன் கட்டுமானக் கணக்கைச் செய்தவர் கொழும்பில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட். 'மார்ஸ்யாஸ்' என்பது அதன் பெயர். இசைப் போட்டியில் கடவுளிடம் தோற்று, தண்டனையாகத் தோல் உரிக்கப்பட்ட கிரேக்கக் கதைமாந்தர் அவர். உரித்த தோலை இழுத்துக் கட்டியது போலவே அந்த விரிப்பும் இருக்கும். நம் மதுரைக் கதையில் இறைவன் விறகு விற்பவராக வந்து திண்ணையில் அமர்ந்து பாட, வெல்ல வந்த ஏமநாதன் இரவோடிரவாக ஊரை விட்டுப் போனதோடு போட்டி முடிந்துவிட்டது. தோலை யாரும் கேட்கவில்லை.

பிறர் கையால் செய்தது எப்படி அவருடைய படைப்பாகும் என்று தொடர்ந்து கேட்பார்கள். ஒரு ஸ்தபதியின் பட்டறையிலும் எல்லாச் சிலைகளையும் ஸ்தபதியே முழுவதும் செதுக்குவதில்லை. எனக்கு மனக்குறை அதில் இல்லை. பெயர் பதிவாகாததில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் குடமுழுக்குக்காக நம் கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள் முழுவதற்கும் புதிதாக வண்ணம் தீட்டினார்கள். சாரத்தில் நின்று ஒவ்வொரு கண்ணுக்கும் கருவிழி வைத்தவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்ல முடியும்? லண்டனுக்கும் மதுரைக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை.

ஒரு கறுப்பு நிறத்தை அவரே விலைக்கு வாங்கிவிட்டாராமே?

நிறத்தை வாங்கவில்லை, ஒரு பூச்சைக் கலையில் பயன்படுத்தும் தனி உரிமையைப் பெற்றார். பிரிட்டனின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2014இல் 'வான்டாபிளாக்' என்ற பூச்சை அறிவித்தது. மயிரிழையைவிடப் பலமடங்கு மெல்லிய கார்பன் குழாய்கள் புல்வெளி போல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் பரப்பு அது. விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்கிவிடும். பழைய கரும்பொடி செய்த வேலையையே இது முற்றாகச் செய்கிறது: இதைப் பூசிய பொம்மையை நேரே பார்த்தால் மூக்கும் கன்னமும் தெரியாமல் வெறும் நிழல்வடிவம் தெரியும். இதைக் கலைக்குப் பயன்படுத்தும் உரிமை கபூர் ஒருவருக்கே என்ற ஒப்பந்தம் 2016இல் வெளியே தெரிந்ததும் கலைஞர்கள் பலர் கொதித்தார்கள். ஸ்டூவர்ட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ஓவியர் கண்கூசும் இளஞ்சிவப்புப் பொடி ஒன்றைத் தயாரித்து, கபூரைத் தவிர உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அறிவித்தார். கபூரோ எப்படியோ அதைப் பெற்று, அதில் நடுவிரலைத் தோய்த்துப் படமெடுத்து வெளியிட்டார்.

இதில் என் சார்பை மறைக்கவில்லை. பூச்சு ஆய்வகத்தில் மட்டுமே பூசத்தக்கது, சாயக்கடையில் டப்பாவில் கிடைப்பதன்று என்ற விளக்கம் சரியானதே. அதற்காக மற்ற கலைஞர் அனைவரையும் வெளியே நிறுத்தியது சரியென்று ஆகாது. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உரிமை ஒரு தொழிலை வழிவழியாகச் செய்துவந்த மக்களைக் காப்பதற்கு. ஒருவர் மட்டும் முடிச்சுப் போடலாம் என்பதற்கு அன்று. சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும் வண்ணப்பொடியில் தொடங்கிய ஒருவர், எவருக்கும் கிடைக்காத கறுப்பில் வந்து நிற்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அவருடைய சிற்பத்தின் மேல் கிறுக்கியவர்களை என்ன செய்தார்?

2015இல் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் அவர் வைத்த பெரிய துருப்பிடித்த இரும்புப் புனல்மீது, யூதர்களை இழிவுபடுத்தும் சொற்களை இரவில் எழுதிவிட்டுப் போனார்கள். அதற்கு முன் ஒரு முறை பெயிண்ட் வீசியபோது துடைத்தாயிற்று. இம்முறை துடைக்கவேண்டாம், வெறுப்பின் தடம் எல்லார் கண்ணிலும் படட்டும் என்றார் கபூர். அப்படி விட்டுவைப்பதும் குற்றமே என்று வழக்குத் தொடரப்பட்டு, மறைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவர் அந்தச் சொற்களின் மேல் தங்க ரேக்கை ஒட்டச் செய்தார்.

சொல் அழியவில்லை, ரேக்குக்கு அடியில் இருந்தது. எந்தெந்த இடத்தில் வெறுப்பு எழுதப்பட்டதோ அந்தந்த இடம் மின்னியது. அவர் திட்டமிட்டுச் செய்த பல படைப்புகளைவிட, நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்த இந்தத் திருத்தம் மேற்பரப்பைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது. நாயக்கர் மகால் தூண்களில் காதலர் கீறிய பெயர்களை வெள்ளையடித்து மறைத்த இடங்களில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து இன்னும் எழுந்து நிற்பதை நினைத்துக்கொள்கிறேன்.

அவரை இந்தியக் கலைஞர் என்று சொல்லலாமா?

பிறந்த நாட்டைக் கொண்டு தம் கலையை வகைப்படுத்துவதை அவர் விரும்புவதில்லை. சொந்த நாட்டில் அவருடைய பெரிய கண்காட்சி முதன்முதலாக நடந்ததே 2010இல்தான், டெல்லியிலும் மும்பையிலும்.

தென்னிந்தியாவில் அவருடைய படைப்பு எதுவும் வந்ததுண்டா?

வந்தது. 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிரிஸ் கலைக் கண்காட்சியில், கடலோரமாக உள்ள ஆஸ்பின்வால் மாளிகையில், தரைக்குள் ஒரு நீர்ச்சுழலை அமைத்தார். கரிய நீர் ஓயாமல் சுழன்று நடுவே பள்ளமாகி உள்ளே இறங்கும், தரையே அதிரும். ஜன்னலுக்கு வெளியே கடல் அமைதியாகக் கிடக்கும். கல்லில் குடைந்த குழி அசையாமல் நின்று ஏமாற்றியது. இங்கே பள்ளத்தைச் செய்வதே ஓட்டம்தான். மோட்டாரை நிறுத்தினால் ஆழம் மறைந்து தட்டையான தண்ணீர் மிஞ்சும். வைகையில் வெள்ளம் வரும் நாளில் பாலத்தின் தூணைச் சுற்றி நீர் சுழிப்பதைக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பார்த்தவர்களுக்கு அந்த அடிவயிற்றுக் கூச்சம் தெரியும்.

மதுரையில் இருந்துகொண்டு இவற்றை எப்படிப் பார்த்துப் பழகுவது?

அவருடைய படைப்புகளைத் தேடிப் போக வேண்டாம். கண்ணைப் பழக்க ஊரிலேயே இடங்கள் உண்டு. கோயிலைச் சுற்றிய தெருக்களில் உள்ள பாத்திரக்கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர்க் குடங்களின் முன் ஐந்து நிமிடம் நின்று, தெரு எப்படி வளைகிறது என்று வரையுங்கள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாம். என் மாணவர்களை யாரும் இதுவரை விரட்டியதில்லை. கீழடி அருங்காட்சியகத்தில் கறுப்பு சிவப்பு மட்கலன்களைப் பாருங்கள். ஒரே களிமண், சூளையில் கவிழ்த்து வைத்ததால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் இரும்புச்சத்தினால் சிவந்தது. தனியாக எதுவும் பூசாமலே உள்ளும் புறமும் இரண்டு உலகங்களாகிவிட்டன. பொற்றாமரைக் குளத்தின் படியில் காற்றில்லாத காலை நேரத்தில் அமர்ந்து, தண்ணீரில் தெரியும் தெற்குக் கோபுரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே கண்ணை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒருசேரக் காண முடியாது. கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பது இந்தப் பயிற்சிக்கு வசதிதான்.

பிறகு ஒரு நாள் அழகர்கோயிலுக்குப் போங்கள். பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு அங்கே சிலை இல்லை. கோபுர வாசலின் அடைத்த கதவுகளே சாமி. அவற்றில் சந்தனம் சாத்தி, மாலை போட்டு, அரிவாள்கள் நிறுத்தி, மக்கள் கதவை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார்கள். சந்தனம் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், உலர்ந்தபின் வேறு நிறம், வெடித்து உதிரும்போது அடியில் பழைய பூச்சு. முதல் முறை போகும்போது கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வரைவதற்கென்று இரண்டாம் முறை போகும்போது பூசாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து வரச்சொல்வார்.